அத்தியாயம் 6: ஆறு மணிக்குக் கட்டி ஒரு மணிக்குப் பிரிப்பது

சாம்பார் சாதம் பயணத்துக்கு ஆகாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பூண்டிப் பயணமே செலவானது.

ஐப்பசி மாதத்து ஞாயிறு. நாலரைக்கே எழுந்து, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொதிக்கவிட்டு, நெய் ஊற்றிக் கிளறி, ஆவி பறக்கப் பறக்க எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினேன். மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "சூட்டோட மூடாதேம்மா, வேர்த்துப் போயிடும்." ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அம்பத்தூரில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஏரிக்கரையில் ஒரு மணிக்குத் தூக்கைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சாதத்தைக் கரண்டியால் எடுத்தபோது நூல் விட்டது. வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு எங்கள் நான்கு பேரையும் காப்பாற்றியது, மாமியார் என்னிடம் சொல்லாமலே பையில் வைத்திருந்த மிளகாய்ப்பொடி இட்லி பன்னிரண்டு.

காலை ஐந்தரைக்கு அந்தச் சாம்பார் சாதம் பிரமாதமாகத்தான் இருந்தது, நான் ருசி பார்த்தேனே. சமையலில் பிசகில்லை. ஐந்தரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் கிடந்த ஏழரை மணி நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒருநாள் வாய்க்கிறது, மறுநாள் வாய்க்கவில்லை என்று நாம் கைப்பக்குவத்தையும் அரிசியையும் திட்டுகிறோம். முக்கால்வாசி நேரம் குற்றவாளி இந்த இடைவெளிதான். எப்போது சமைக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, எப்போது வாயில் வைக்கப்போகிறோம் என்பதிலிருந்து சமையலைத் தொடங்க வேண்டும். வீட்டுக்கும் இதே கணக்கு, வெளியூருக்கும் இதே கணக்கு.

பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அந்தக் கூதிர் வருவது வடகிழக்குப் பருவமழையோடுதான். இதில் ஒரு தந்திரம் உண்டு. மழை பெய்தால் குளிர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம், ஆனால் பகலில் பெரும்பாலும் முப்பது டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காற்றில் ஈரமோ சொட்டுகிறது. சித்திரை வெயிலில் சாதம் காய்ந்து வறண்டாவது போகும். ஐப்பசியில் காயவும் காயாது, ஆறவும் ஆறாது. கிருமிகளுக்கு இதைவிடச் சுகமான வீடு கிடையாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஆபத்து. சோற்றுக்கு இன்னொரு சங்கடம்: பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும் சூட்டிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடுகின்றன. அதில் வாந்தியை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. "நல்லாக் கொதிக்க வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது" என்பது சாம்பாருக்குப் பாதி பொருந்தும், கெட்ட சோற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

வீட்டில்

இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிறு மட்டும்தான். ஆவடி டாங்கி ஃபேக்டரி 1961-இல் வந்தது. அதற்கும் முன்பே, 1949-இல், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், பிறகு எஸ்டேட். ஷிப்ட்டும் கேரியரும் மூன்று தலைமுறையாக நம் அடுப்படியை நடத்துகின்றன. காலை ஆறரைக்கு இறக்கிய குழம்பைக் கேரியர் ஆள் பன்னிரண்டரைக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாலரைக்கும், ஓரகடம் பக்கம் வேலைக்குப் போன மகன் இரவு ஒன்பதுக்கும் சாப்பிடுகிறார்கள். ஒரே குழம்பு மூன்று பேருக்கு மூன்று குழம்பாகிவிடுகிறது.

ஆகவே வேலை நாளில் காய் தேர்ந்தெடுக்கும்போதே இரவு ஒன்பது மணியை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கிச் சாம்பார் சாயங்காலமானால் வீடு முழுக்க மணக்கும். வெண்டைக்காயைப் புளியில் நன்றாக வதக்காமல் போட்டால் கொழகொழக்கும். முருங்கைக்காயும் மஞ்சள் பூசணியும் நின்று பேசும், ஆனால் பூசணியைக் கிண்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் வத்தக்குழம்பு: காலையில் கொஞ்சம் முரடாக இருப்பது இரவில் இறங்கி, புளியும் எண்ணெயும் சேர்ந்து, மறுநாள்தான் உச்சத்துக்கு வரும். புதன்கிழமை ஓவர்டைம் என்றால் செவ்வாய் இரவே சுண்டைக்காய் வற்றலை வறுத்துவிடலாம்.

பொரியலில் தேங்காய்ப்பூவை மொத்தச் சட்டியில் தூவாதீர்கள். யார் எப்போது சாப்பிடுகிறார்களோ அவர்கள் பங்கில் மட்டும் அப்போது தூவுங்கள். மழைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் கெடுவது தேங்காய். சட்னி, சுண்டல், அவியல் எதுவானாலும் அப்படித்தான். நவராத்திரிச் சுண்டல் மாலை ஆறுக்குத் தாளித்து எட்டுக்குள் தீர்ந்துவிட வேண்டும். மீந்துவிடும் என்று தோன்றினால் பாதிக் கடலையைத் தேங்காய் போடாமல் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அரைத்து மசால் வடை தட்டலாம். கொண்டைக்கடலைக்கும் பட்டாணிக்கும் இது நன்றாக வரும். பாசிப்பயறுக்கு வராது, நான் முயன்று பார்த்துத் தோற்றேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை தனிக் கதை. தளிகைக்குச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எள்ளுசாதம், தயிர்சாதம், வடை என்று வகை ஐந்தாகிறது, சாப்பிடுகிறவர்கள் நாலே பேர். ஒவ்வொன்றிலும் அரை ஆழாக்குக்கு மேல் போடாதீர்கள். பெருமாள் அளவு கேட்பதில்லை. படைத்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மீதியைப் பிரித்துவிடுங்கள்: தயிர்சாதமும் பொங்கலும் ஃப்ரிட்ஜுக்கு, புளியோதரை வெளியே இருக்கலாம், வடை மோருக்குள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறதென்றால் பகல் இரண்டு மணிக்குள் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிரசாதம் என்று நீட்டுவதில் புண்ணியமில்லை.

மழை நாட்களில் இட்லி மாவு பொங்கவில்லை என்பது நிரந்தரப் புகார். மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரவு இருபத்து மூன்று டிகிரிக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். எட்டு மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு கொடுங்கள். உப்பைப் போட்டுக் கையால் கரையுங்கள். அரைக்கும்போதே தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். அடுப்பு மேடையில், மற்ற வேலையெல்லாம் முடிந்தபின் அந்தச் சூட்டில், பாத்திரத்தை வையுங்கள். சோடா உப்பு போட்டால் இட்லி மஞ்சளாகும், ஒரு சவர்க்கார நெடி வரும். கடை மாவு வாங்குகிறவர்களுக்கு என் பரிதாபம் உண்டு, கண்டனம் இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

கரண்ட் போய்விட்டால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பல புறநகர்களில் நாட்கணக்கில் இருட்டு, பால் பாக்கெட்டுக்கு வரிசை. மூடிய ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும், அடிக்கடி திறந்தால் அதுவும் இல்லை. அதற்குமேல் உள்ளே இருக்கும் பால், கறி, மாவு எல்லாவற்றையும் வேறு கணக்கில் பார்க்க வேண்டும். கார்த்திகை பிறக்குமுன் ஒரு அலமாரித் தட்டை இதற்கென்று ஒதுக்குங்கள்: அவல், ரவை, பாசிப்பருப்பு, பருப்புப்பொடி, வெல்லம், மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். மிக்ஸி இல்லாமல், பால் இல்லாமல், தக்காளி இல்லாமல் மூன்று நாள் ஓட்ட இவ்வளவு போதும். தக்காளியை ஏன் சேர்க்கவில்லை என்றால், பெருமழைக்குப் பின் கோயம்பேட்டு விலையை நம்பிக் குழம்பு வைக்க முடியாது.

கட்டுச்சோறு

வெளியே எடுத்துப்போகும் சாப்பாட்டில் மூன்று பேர் மட்டுமே என் நம்பிக்கைக்கு உரியவர்கள்: புளியோதரை, தயிர்சாதம், பொடி இட்லி. எலுமிச்சைசாதம் பதினோரு மணி வரைக்கும் நல்ல பிள்ளை. தேங்காய்சாதத்தை ரயில் ஏறவே விடாதீர்கள். சாம்பார் சாதம் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

புளியோதரை கெடாமல் நிற்பதற்குக் காரணம் புளிப்பும் எண்ணெயும் வறண்ட தன்மையும். ஆகவே இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் அது புளியோதரை அல்ல, புளி பிசைந்த சோறு. நான்கு பேருக்கு 400 கிராம் பச்சரிசி என்றால் தண்ணீர் இரண்டு பங்கு மட்டும். பெரிய எலுமிச்சையளவு பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, எட்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை காய்ச்சுங்கள். இதைக் கிளம்புவதற்கு முந்தின நாளே செய்யலாம், செய்ய வேண்டும். காலையில் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டு, விசிறிக்கடியில் ஆறவிடுங்கள். ஆறிய பிறகே புளிக்காய்ச்சல் சேரும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம், மல்லி, எள்ளு. வேர்க்கடலையைத் தனிப் பொட்டலமாக எடுத்துப்போய் அங்கே கலந்தால் மொறுமொறுப்பு இருக்கும். வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். அலுமினியத் தாள் புளிக்கு ஆகாது, புளிப்பு அதை அரித்துச் சோற்றில் இறக்கும். செய்தித்தாளும் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் கரைகிறது.

தயிர்சாதம்தான் நேரக் கணக்குக்குச் சரியான பாடம், ஏனென்றால் அது வழியில் தானே சமைந்துகொண்டு வருகிறது. ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டர் விடுங்கள். ஆவின் நீல பாக்கெட் போதும். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு ஆறு சதவீதம், மத்தியானம் கட்டியாகி உருண்டை பிடிக்கும். தயிர் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆறு மணிக்குக் கட்டி ஒரு மணிக்குச் சாப்பிடுவதானால் புளிக்காத தயிர் இரண்டு மேசைக்கரண்டி. அடைமழை நாள் என்றால் மூன்று. பத்தரைக்கே பிள்ளைகள் பசி என்பார்கள் என்றால் பாதிப்பால் பாதித்தயிர். சோறு கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் உறை செத்துவிடும். அப்புறம் அது தயிர்சாதமுமில்லை, பால்சோறுமில்லை. இஞ்சி, மோர்மிளகாய், கடுகு தாளிப்பு போதும். வெங்காயம் கூடாது, வெள்ளரி நீர் விடும், மாதுளையை அங்கே போய் உதிர்த்துக்கொள்ளலாம்.

பொடி இட்லிக்கு ஒரே சூட்சுமம். இட்லியை எடுத்த உடனேயும் தடவாதீர்கள், முழுக்க ஆறியும் தடவாதீர்கள். ஆவி அடங்கி, மேல்தோல் மட்டும் உலர்ந்த நேரத்தில் நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவினால் அது ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பூட்டிவிடும். சட்னி எடுத்துப்போகும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பாத்திரத்துக்கும் ஒரு வரி. எதையும் ஆறிய பின்தான் மூட வேண்டும். சூடாகவே வேண்டுமென்றால் முழுச் சூடாக, ஹாட்பேக்கில், வெந்நீர் ஊற்றிக் கொட்டிய பிறகு, தளரக் கிளறிய வெண்பொங்கல். பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காபியைப் பாலோடு கலந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் பால் வேறு காபி வேறு என்று ருசிக்கும். டிகாக்ஷனைச் சின்னச் சீசாவில் தனியாக எடுங்கள், அல்லது சுக்குமல்லி காபிக்கு மாறுங்கள். மழையில் நனைந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

நான்கு வழிகள்

திருவள்ளூர், பூண்டி. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டியது, சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். ஐப்பசி பிற்பாதியில் நீர் ஏறியபின் கரை அழகு. நிழல் குறைவு, மழைக்கு ஒதுங்கவும் இடம் அதிகமில்லை. ஆகவே கையில் ஏந்திச் சாப்பிடக்கூடிய பொடி இட்லியே இங்கே சரி. அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயிலில் கூட்டம் தாங்காது, குளத்தங்கரையில் உட்கார இடம் தேடாதீர்கள்.

திருவாலங்காடு, திருத்தணி. இரண்டும் ரயில்வழி. திருத்தணியில் 365 படி ஏறி இறங்கியபின் பசி எல்லாவற்றையும் மன்னிக்கும், அங்கே என்ன எடுத்துப்போனாலும் வாய்க்கும். திருவாலங்காட்டை ஏன் சேர்த்தேன் என்றால், சரியாக வராத சாப்பாட்டுக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கதை அந்த ஊரோடு சேர்ந்தது. காரைக்காலில் புனிதவதி வீட்டுக்குச் சிவனடியார் ஒருவர் பசியோடு வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை இலையில் வைத்துச் சமாளித்தார். அந்த ஒரு மாம்பழத்தில் தொடங்கிய கதைதான் அவரைக் காரைக்கால் அம்மையாராக்கி ஆலங்காட்டில் கொண்டுவந்து சேர்த்தது. தொட்டுக்கொள்ள ஏதும் இல்லாத நாளில் பழத்தை வைத்துச் சோறு போட அன்றே முன்மாதிரி உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம். பஸ் ஏறினால் நேர் ரோடு, வழியில் ஸ்ரீபெரும்புதூர். இந்தப் பயணத்துக்கு மூட்டை குறைவாகக் கட்டலாம், ஏனென்றால் கட்டுச்சோற்றின் பரமகுரு அங்கேயே இருக்கிறது: வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி. பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. சட்னியை எதிர்பார்க்காத இட்லி. மறுநாளும் நிற்கும். ஊரில் ஓட்டல்களிலும் டம்ளரில் வார்த்துக் காஞ்சிபுரம் இட்லி என்று தருகிறார்கள். அது மோசமில்லை, ஆனால் மந்தாரை இலையின் வாசனை அதில் வருவதில்லை. அங்கே சாப்பாட்டுக்குப் போய் உட்கார்வதானால் பன்னிரண்டரைக்குள் உட்காருங்கள். ஒருமுறை மூன்று மணிக்கு ஒரு மெஸ்ஸில் நுழைந்து, அடிச்சட்டி ரசமும் காலைச் சோறும் முழு விலைக்குச் சாப்பிட்டேன். சமையல்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருடைய சாப்பாட்டுக்கும் நேரம் உண்டு, நான் அதற்குப் பின்னால் போனேன்.

பழவேற்காடு. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு, மீன் சாப்பிடுகிற பாதி வீடுகளுக்கு இது நேர்த்திக்கடன் மாதிரி. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். சமைத்த மீனைக் கொண்டும் போகாதீர்கள், கொண்டும் வராதீர்கள். பச்சை இறாலோ நண்டோ வாங்குவதானால் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வேண்டும், ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நிமிடத்தில்தான் வாங்க வேண்டும். கையோடு தயிர்சாதம் எடுத்துப்போனால் அங்கே வாங்கிய மீன் வறுவலோடு அதைச் சேர்க்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், ஆகவே புளியோதரை. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள், மீன் அடுத்த வாரமும் இருக்கும்.

கார்த்திகை ஞாயிறுகளில் சோளிங்கர் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 1,300 படிக்கு மேல்; மேலே நரசிம்மர், வழியெல்லாம் குரங்குகள். பிளாஸ்டிக் பை சலசலத்தால் போதும், அவை வந்துவிடும். சாப்பாட்டை அடிவாரத்திலேயே வைத்துவிட்டு ஏறுங்கள், இறங்கி வந்து சாப்பிடுங்கள். "ஒரு வாழைப்பழம்தானேடி" என்று மறைத்து எடுத்துப்போன என் நாத்தனார் கண்ணாடியைப் பறிகொடுத்தார்.

திரும்பி வரும் இரவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எட்டு மணிக்கு நனைந்து வந்து இறங்கும்போது மீந்த கட்டுச்சோறு கண்ணில் படும், "இதையே சாப்பிட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், பதினான்கு மணி நேரம் ஆகிவிட்டது, கொட்டிவிடுங்கள். காலையில் கிளம்பும்போதே ஒரு டம்ளர் அரிசியும் அரை டம்ளர் பாசிப்பருப்பும் அளந்து, மிளகு சீரகத்தைப் பக்கத்தில் பொட்டலமாக வைத்து, குக்கரை மேடைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் கழுவிப் போட்டால், கால் கழுவித் துணி மாற்றுவதற்குள் விசில் வந்துவிடும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். அப்பளத்தை மட்டும் எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகு பொரியுங்கள்.